மூணு வயர்லெஸ் கன்ட்ரோலர்: முதல்ல கை, அப்புறம் ஸ்பெக்

ரொம்ப நாளா நிறையப் பேர் கேட்டுக்கிட்டு இருந்த எபிசோடு இது. "பிசியில விளையாட ஒரு வயர்லெஸ் கன்ட்ரோலர் வாங்கணும். எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர் வேண்டாம், வேற கம்பெனியில எது நல்லா இருக்கும்?" கேள்வியோட ரெண்டு மூணு ஸ்பெக் ஷீட் ஸ்க்ரீன்ஷாட்டும் வந்துடும். 1000 ஹெர்ட்ஸ், ஹால் எஃபெக்ட், டிஎம்ஆர், நாலு பின்பக்க பட்டன்னு.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். ஸ்பெக் ஷீட்டைக் கடைசியாப் படிங்க, முதல்ல உங்க கையைப் பாருங்க. கேட்கிறவங்கள்ல நிறையப் பேர் என்னை மாதிரி ஐடி வேலையில் இருக்கிறவங்க. பகல் முழுக்க கீபோர்டும் மவுஸும். ராத்திரி அதே கையால ரெண்டு மணி நேரம் கேம். இந்தக் கைதான் நமக்குச் சோறு போடுது. ஒரு மில்லிசெகண்ட் மிச்சம் பிடிக்கப் போய் கட்டைவிரலை நோகடிச்சா, அது நஷ்டக் கணக்கு.

இன்னைக்கு மூணு கன்ட்ரோலரை வெச்சுப் பேசலாம். 8பிட்டூ அல்டிமேட் 2சி வயர்லெஸ், கேம்சர் சைக்ளோன் 2, ஃப்ளைடிஜி வேடர் 4 ப்ரோ. மூணும் சீனக் கம்பெனிகளோடது. மூணிலும் ஸ்டிக் அமைப்பு எக்ஸ்பாக்ஸ் மாதிரி, இடது ஸ்டிக் மேல, வலது ஸ்டிக் கீழ. மூணுக்கும் யூஎஸ்பி டாங்கிள் உண்டு, ப்ளூடூத்தும் உண்டு. விலையில 2சி கீழ்ப்படி, சைக்ளோன் நடுப்படி, வேடர் மேல்படி.

கைக்கு எது பொருந்தும்?

2சி சின்ன உடம்பு. கை சின்னதா இருக்கிறவங்களுக்கு ஸ்டிக்கிலிருந்து ஒய் பட்டன் வரைக்கும் கட்டைவிரல் நீட்டாமலே போகும். கை பெரிசா இருந்தா மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கி, உள்ளங்கை காத்துல நிக்கும். அப்படி நின்னா நம்மை அறியாமலே இறுக்கிப் பிடிப்போம். வலி தொடங்குற இடம் பெரும்பாலும் அந்த இறுக்கம்தான்.

சைக்ளோன் 2 கிட்டத்தட்ட எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரோட வடிவம். நடுத்தரக் கைக்கு யோசிக்காம பொருந்தும். வேடர் 4 ப்ரோ மூணுல பெரிசு, கனமானது. பெரிய கைக்கு அந்த அகலம் சுகம். சோஃபாவுல சாய்ஞ்சு, கையை மடியில் வெச்சு விளையாடுறவங்களுக்குக் கனம் தெரியாது. நிமிர்ந்து உட்கார்ந்து அந்தரத்துல பிடிக்கிறவங்களுக்குத் தெரியும்.

வேடர்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், ஸ்டிக் எவ்வளவு இறுக்கமா இருக்கணும்னு நாமே கூட்டிக் குறைக்கலாம். ஷூட்டர் கேம்ல குறி வைக்க கொஞ்சம் இறுக்கம் நல்லது. எல்டன் ரிங் மாதிரி மணிக்கணக்கா ஸ்டிக்கைத் தள்ளிப் பிடிச்சுக்கிட்டே ஓடுற கேம்ல அதே இறுக்கம் கட்டைவிரலுக்குச் சுமை. இது கண்டிப்பா விளம்பர ஸ்டிக்கரா இல்ல, கைக்கு நிஜமான வித்தியாசம்.

அடுத்தது பின்பக்க பட்டன். வேடர்ல நாலு, சைக்ளோன்ல ரெண்டு. 2சியில பின்னால கிடையாது. அதுக்குப் பதிலா மேல தோள்பட்டை பட்டன் பக்கத்துல கூடுதலா ரெண்டு. இதைப் பலரும் ப்ரோ பிளேயர் சமாச்சாரம்னு நினைக்கிறாங்க. எனக்கு இது முதல்ல வலி குறைக்கிற விஷயம். ஏ, பி ரெண்டையும் பின்னால வெச்சுட்டா வலது கட்டைவிரல் ஸ்டிக்கை விட்டு நகரவே வேண்டாம். ஒரு டெக்னிக்கல் குறிப்பு: விண்டோஸ் கேம்கள் பெரும்பாலும் பயன்படுத்துற எக்ஸ்இன்புட்ல பட்டன் எண்ணிக்கை நிலையானது. பின்பக்க பட்டனுக்குன்னு அதுல தனி இடம் இல்லை. அதனால பொதுவா இவை இருக்கிற பட்டனோட நகலாத்தான் வேலை செய்யும்.

ட்ரிக்கருக்கு வருவோம். சைக்ளோன், வேடர் ரெண்டிலும் பின்னால ஒரு சின்ன சுவிட்ச் இருக்கு. அதைத் தள்ளினா நீளமா அழுத்த வேண்டிய ட்ரிக்கர், மவுஸ் க்ளிக் மாதிரி சட்டுனு முடிஞ்சிடும். ஷூட்டருக்கு அது சரி. ஃபோர்ஸா ஹொரைசன் மாதிரி ரேஸிங்குக்கு முழு நீளம் வேணும், இல்லைன்னா ஆக்ஸிலரேட்டரைப் பாதி அழுத்தவே முடியாது. இன்னொண்ணு, சைக்ளோன்ல பட்டன்கள் மைக்ரோ சுவிட்ச். அழுத்தம் துல்லியமா இருக்கும், சத்தமும் துல்லியமா கேட்கும். ஒரே அறையில யாராவது தூங்கிட்டு இருந்தா இதையும் யோசிங்க.

ஸ்டிக்குக்குள்ள என்ன இருக்கு?

நீங்க தொடவே இல்லை, கேரக்டர் தானா நடக்குது. இதுதான் ட்ரிஃப்ட். சாதாரண ஸ்டிக்குக்குள்ள பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும். கார்பன் பூசின தடத்து மேல ஒரு உலோக நுனி உரசிக்கிட்டே இருக்கும். உரசினா தேயும், தேய்ஞ்சா தப்பான மதிப்பு வரும். ஹால் எஃபெக்ட்ல உரசலே இல்லை. ஒரு காந்தம் நகருது, பக்கத்துல இருக்கிற சென்சார் காந்தப்புலத்தை அளக்குது. எட்வின் ஹால் இந்த விளைவைக் கண்டுபிடிச்சது 1879இல். 1998இல் ஜப்பான்ல வந்த சேகா ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலர்லயே ஹால் ஸ்டிக் இருந்தது. புதுத் தொழில்நுட்பம்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டுப் போங்க.

2சியிலும் வேடர்லயும் ஹால் எஃபெக்ட். சைக்ளோன்ல டிஎம்ஆர். அதுவும் காந்தத்தை அளக்கிறதுதான், ஆனா கம்மி மின்சாரத்துல இன்னும் நுணுக்கமா அளக்கும். கையில் வெச்சு விளையாடும்போது ஹாலா டிஎம்ஆரான்னு கண்டுபிடிக்கிறது கஷ்டம். ரெண்டுமே தேய்மான ட்ரிஃப்டைத் தவிர்க்கும். ஆனா ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவர்றது ஒரு ஸ்பிரிங். அது தளர்ந்தா எந்த சென்சாரும் காப்பாத்தாது. "வாழ்நாள் முழுக்க ட்ரிஃப்ட் வராது"ங்கிறது விளம்பர வாசகம் மட்டும்தான்.

1000 ஹெர்ட்ஸ் உண்மையில எவ்வளவு?

மூணுமே டாங்கிள்ல 1000 ஹெர்ட்ஸ்னு போட்டிருக்கு. அதாவது ஒரு மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை தகவல் போகும். பழைய 125 ஹெர்ட்ஸ்ல 8 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை. அதிகபட்ச வித்தியாசம் 7, சராசரி மூணரை மில்லிசெகண்ட். 60 பிரேம்ல ஓடுற கேம்ல ஒரு பிரேம் 16.7 மில்லிசெகண்ட். ஆக, அரை பிரேம்கூட இல்லை.

இன்னொண்ணு, இது பஸ் நேரம் மட்டும்தான். நிமிஷத்துக்கு ஒரு பஸ் வந்தாலும் நீங்க வீட்டை விட்டுக் கிளம்பப் பத்து நிமிஷம் ஆச்சுன்னா என்ன பிரயோஜனம்? கன்ட்ரோலருக்குள்ள பட்டனைப் படிக்கிற நேரம், ரேடியோ, கேம் எஞ்சின், திரை எல்லாம் தனித்தனி தாமதம். டிவியில விளையாடுறவங்க கேம் மோட் போட்டாலே பல மில்லிசெகண்ட் மிச்சம். அதுக்கு ஒரு பைசா செலவில்லை.

காசு செலவழிக்காம இன்னொரு முன்னேற்றம்: முடிஞ்ச வரை ப்ளூடூத்தை விட்டுட்டு டாங்கிளைப் பயன்படுத்துங்க. அதையும் சிபியூ பின்னால, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் பக்கத்துல சொருகாதீங்க. யூஎஸ்பி 3.0 சாதனங்களும் கேபிள்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில இரைச்சல் கிளப்பும்னு 2012லயே இன்டெல் ஒரு அறிக்கை போட்டிருக்கு. நம்ம டாங்கிள் பேசுறது அதே 2.4ல. ஒரு சின்ன யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாங்கிளை மேஜை மேல கண்ணுக்குத் தெரியுற மாதிரி வைங்க. திடீர் திடீர்னு பட்டன் விழாமப் போறதுக்கு நிறைய நேரம் மருந்து அதுதான்.

சரி, எதை வாங்குறது?

கை சின்னது, பட்ஜெட்டும் சின்னதுன்னா 2சி. எல்லா வகை கேமும் கலந்து விளையாடுற, நடுத்தரக் கைன்னா சைக்ளோன் 2. கை பெரிசு, நீண்ட நேரம் விளையாடுவீங்க, ஸ்டிக் இறுக்கத்தை மாத்திக்கணும்னா வேடர் 4 ப்ரோ. ஒரு எச்சரிக்கை: இந்த மூணும் எக்ஸ்பாக்ஸ் கன்சோல்லயோ பிஎஸ்5லயோ நேரடியா இணைக்கிறதுக்கு இல்லை. கன்சோல் வெச்சிருக்கிறவங்க அந்தந்த கம்பெனி லைசென்ஸ் கொடுத்த கன்ட்ரோலரைத்தான் தேடணும்.

வாங்கின உடனே பெட்டியைத் தூக்கிப் போடாதீங்க. ரிட்டர்ன் நாள் முடியறதுக்குள்ள மூணு விஷயம் பாருங்க. கண்ணை மூடிப் பிடிச்சா கட்டைவிரல் தானா ஸ்டிக் மேல விழுதா? உள்ளங்கையை நகர்த்தாம நாலு தோள்பட்டை பட்டனும் எட்டுதா? ஒரு மணி நேரம் விளையாடி முடிச்சுக் கையை விரிச்சா எங்கயாவது இழுக்குதா? மூணாவது கேள்விக்கு ஆமான்னு பதில் வந்தா, ஸ்பெக் எவ்வளவு நல்லா இருந்தாலும் திருப்பி அனுப்பிடுங்க.

கடைசியா ஒண்ணு. ஏற்கெனவே கையில மரத்துப்போறது, குத்துறது இருக்குன்னா அதுக்குப் புது கன்ட்ரோலர் வைத்தியம் இல்லை. டாக்டரைப் பாருங்க. கேம் எங்கயும் ஓடிப் போகாது.

உங்க கைக்கு எது பொருந்துச்சுன்னு, கை அளவோட சேர்த்து எழுதி அனுப்புங்க. இதே மாதிரி யோசிச்சுக்கிட்டு இருக்கிற இன்னொருத்தருக்கு அது ஸ்பெக் ஷீட்டை விட உதவும். அடுத்த எபிசோடுல சந்திக்கலாம்.