ஆண்டு மலரின் கடைசிப் பக்கங்கள்



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. நம் இடைநிலைப்பள்ளிகள் ஆண்டுதோறும் வெளியிடும் பள்ளி மலர் உங்களில் பலர் வீட்டில் இருக்கும். முதலில் முதல்வரின் வாழ்த்துரை, பின்னர் ஆசிரியர் குழுப் படம், வகுப்புப் படங்கள், விளையாட்டுப் போட்டி முடிவுகள். அவற்றை அடுத்து மலாய்க் கட்டுரைகள், ஆங்கிலக் கட்டுரைகள், சீனக் கட்டுரைகள். இவையனைத்தையும் கடந்து சென்றால், பின்னட்டையை ஒட்டி நான்கோ ஆறோ பக்கங்கள் தமிழில் இருக்கும். அந்தப் பக்கங்களைப் பற்றியே பேசவிருக்கின்றேன்.

இலக்கிய வரலாறு எழுதுவோர் இவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனை நான் குறையாகக் கூறவில்லை. பதினாறு வயதினர் எழுதிய கட்டுரைகளுள் பெரும்பாலானவை இலக்கியம் அல்லதான். மொழியியல் பயின்றவனுக்கோ இலக்கியத் தரம் மட்டுமே அளவுகோல் அன்று. ஒரு வட்டாரத்தில், ஒரு குறிப்பிட்ட ஆண்டில், ஒரு வயதினர் எத்தகைய தமிழை எழுதினர் என்பதற்கு இடமும் காலமும் வயதும் பொறிக்கப்பெற்ற சான்று வேறெங்கும் இத்துணை எளிதில் கிடைப்பதில்லை. அட்டையில் ஆண்டு இருக்கின்றது. கட்டுரையின் அடியில் படிவம் நான்கு என்றோ ஐந்து என்றோ இருக்கின்றது. கல்வெட்டு ஆய்வாளர்கள் இப்படி ஒரு குறிப்பைக் கனவில்தான் காண்பார்கள்.

பினாங்குக்கும் இந்தப் பொருளுக்கும் உள்ள உறவு பழையது. 1816 அக்டோபர் 21ஆம் நாள் ஹட்சிங்ஸ் பாதிரியார் தொடங்கிய பினாங்கு ஃபிரீ ஸ்கூல் என்னும் ஆங்கிலப் பள்ளியில் ஏற்பட்ட தமிழ் வகுப்பையே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொள்கின்றோம். 2016இல் இருநூறாம் ஆண்டு விழாவை நாடெங்கும் கொண்டாடியதும் அதை முன்னிட்டே. ஆக, தமிழ் வகுப்பு இங்கே பிறந்ததே வேற்றுமொழிப் பள்ளி ஒன்றின் கூரையின் கீழ்தான். இன்றைய இடைநிலைப்பள்ளியில் தமிழின் நிலையும் அதுவே.

நம் தமிழ்ப்பள்ளிகள் ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகின்றன. அதன்பின் தமிழ்ப்பள்ளி மாணவர், தேவைப்பட்டால் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருந்துவிட்டு, தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் செல்கின்றார். நகரப் பள்ளிகள் பலவற்றில் ஒரு காலத்தில் பயிற்றுமொழி ஆங்கிலம். 1970இல் முதலாம் ஆண்டில் தொடங்கிப் படிப்படியாக மேலேறிய மாற்றம் 1982இல் ஆறாம் படிவத்தை எட்டியபோது எல்லாம் மலாய்மொழி ஆயிற்று. தமிழ் அங்கே ஒரு பாடம் மட்டுமே. அதுவும், 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் நடைபெறும் பாடம். புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால் போன்ற ஊர்களில் அந்தப் பதினைந்து பேரைத் திரட்டுவதற்கு ஆசிரியர் படும் பாடு இந்த அவையில் அமர்ந்திருக்கும் பலருக்குத் தெரியும்.

இதன் விளைவு யாது? ஆறாண்டுகள் கணிதத்தையும் நன்னெறியையும் தமிழிலேயே படித்த சிறுவனோ சிறுமியோ, பதின்மூன்று வயதிலிருந்து வாரத்தில் சில பாடவேளைகளே தமிழைக் காண்கின்றார். அவர் எழுதும் தமிழுக்கு வாசகர் ஒருவர் மட்டுமே: சிவப்பு மையுடன் காத்திருக்கும் ஆசிரியர். ஐந்தாம் படிவ இறுதியில், எஸ்.பி.எம். தேர்வில், அந்த ஒருவரும் முகம் தெரியாதவர் ஆகிவிடுகின்றார். மதிப்பெண் இடுவதற்காக அன்றி, என்ன சொல்லியிருக்கிறான் பார்ப்போம் என்று ஒரு நண்பனோ, தாயோ, வேற்று வகுப்பு மாணவியோ படிப்பதற்காக ஒரு மாணவன் பள்ளிக்குள் தமிழில் எழுதும் இடம் ஆண்டு மலரின் அந்தச் சில பக்கங்களே. அவை சுருங்கினால் சுருங்குவது தாள் மட்டுமன்று என்பது என் கருத்து.

அப்பக்கங்கள் அச்சேறிய விதத்தையும் சற்றே சொல்ல வேண்டும். பழைய மலர்கள் சிலவற்றில் தமிழ்ப் பகுதி மட்டும் கையெழுத்தாக இருக்கும். அச்சகத்தில் தமிழ் எழுத்து இல்லையென்றால், எழுத்தழகு உள்ள மாணவி ஒருவரை வெள்ளைத்தாளில் எழுதச் சொல்லி, அதைப் படம் பிடித்து அச்சிட்டார்கள். தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்ததும், ணை, லை, ளை, னை ஆகியவை தம் தும்பிக்கையை இழந்து இன்றைய வடிவம் பெற்றதும் நீங்கள் அறிந்தவை. நான் பார்த்த கையெழுத்துப் பக்கங்களில் ஒரே கட்டுரைக்குள் தும்பிக்கை உள்ள 'லை'யும் இல்லாத 'லை'யும் அக்கம்பக்கமாக நிற்கின்றன. வீட்டில் பெற்றோரிடம் கற்றது ஒன்று, பள்ளியில் கற்றது மற்றொன்று. ஒரு சீர்திருத்தம் அரசாணையிலிருந்து ஒரு பிள்ளையின் விரலுக்கு வந்து சேர எவ்வளவு காலம் பிடித்தது என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் சான்றை நான் கண்டதில்லை. 1985இல் நம் நாட்டவரான முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கினார். பின்னர்க் கணினி பள்ளிகளுக்குள் வந்தது. தமிழ்ப் பக்கங்களும் மற்றப் பக்கங்களைப் போல நேராக நின்றன. அது பெரும் பேறு. ஆய்வாளனுக்கு மட்டும் சிறு இழப்பு.

இனிச் சொற்களுக்கு வருவோம். பினாங்குத் தமிழருக்கு இந்தத் தீவில் தனி வரைபடம் ஒன்று உண்டு. அரசாங்கப் பலகை வேறு பெயர் சொல்லும். நாமோ கொடிமலை என்போம், தண்ணீர்மலை என்போம், கடைத்தெரு என்போம். தைப்பூசத்தைப் பற்றி எழுதும் மாணவன் தண்ணீர்மலை என்று எழுதும்பொழுது, ஆவணங்களில் இடம்பெறாத ஒரு பெயருக்கு எழுத்துச் சான்று ஒன்று கூடுகின்றது. பெருநிலத்துத் தோட்டங்களிலிருந்து வந்த பிள்ளைகளின் எழுத்தில் வேறொரு சொற்குவை உண்டு: பெரட்டு, கிராணி, ஆயாக்கொட்டகை, பால்மரம், மங்கு. இடையே மலாயிலிருந்து வந்த பசார், கம்பம், ரோத்தான். கடை என்னும் நம் சொல் மலாயில் 'கெடாய்' ஆகியிருக்கின்றது. கப்பல் அங்கே 'காப்பால்' ஆகி மிதக்கின்றது. கொடுத்தவர்கள் கொஞ்சம் வாங்கிக்கொண்டதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் மலரைப் புரட்டிப் பாருங்கள். இச்சொற்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. தோட்டங்கள் மறைந்தது ஒரு காரணம். தேர்வு மாதிரிக் கட்டுரை மற்றொரு காரணம். அதை ஆசிரியர்கள் முன்னிலையில் வெளிப்படையாகவே கூறுகின்றேன். 'நான் ஒரு பேனா' என்னும் தன்கதையை எத்தனை மலர்களில் படித்தேன் என்பதற்குக் கணக்கில்லை. இத்தீவில் வாய்திறந்து தன் வரலாறு கூறாத பேனாவோ குடையோ மிச்சமில்லை போலும்! ஒவ்வொன்றும் தொழிற்சாலையில் பிறந்து, கடையில் விற்கப்பட்டு, ஒரு நல்ல பையனிடம் சேர்ந்து, குப்பைத்தொட்டியில் கண்ணீருடன் முடிகின்றது. தேர்வுக்கு அது உதவலாம். மலரில் அதே கட்டுரையை அச்சிடும்போது, பள்ளிக்குள் இருந்த அந்த ஒரே இடத்தையும் தேர்வு அறையாக்கிவிடுகின்றோம்.

இதற்கு மாறாக, சிற்றூர்ப் பள்ளி ஒன்றின் பழைய மலரில் ஒரு மாணவி தன் விடியற்காலைப் பேருந்துப் பயணத்தை எழுதியிருந்தாள். நடை ஏற்றமும் இறக்கமுமாக இருந்தது, ஒற்றுப்பிழைகள் இருந்தன. ஆனால் அந்தப் பேருந்தில் யார் எங்கே அமர்ந்தார்கள், எந்த நிறுத்தத்தில் எந்த மொழி கேட்டது, தான் எங்கே வந்ததும் தமிழில் பேசுவதை நிறுத்திக்கொள்வாள் என்பதையெல்லாம் அவள் எழுதிவிட்டாள். மொழித்தேர்வைப் பற்றி நூல்கள் விரித்துரைப்பதை இரண்டு பக்கத்தில் ஒரு பள்ளி மாணவி முடித்திருந்தாள்.

ஆசிரியர்களின் அச்சம் எனக்குப் புரிகின்றது. பசார் என்று எழுத விட்டால் நாளை தேர்விலும் பசார் என்றே எழுதுவான் என்பார்கள். இரட்டை வழக்கு தமிழுக்குப் புதிதன்று. வீட்டில் ஒன்றும் மேடையில் ஒன்றுமாகப் பேசிப் பழகிய பிள்ளைக்கு, இடம் அறிந்து சொல்லை மாற்றத் தெரியும். சந்திப் பிழையைத் திருத்துங்கள். வாக்கியம் முறிந்திருந்தால் ஒட்டுங்கள். பெரட்டு என்பதைக் 'காலை வருகைப் பதிவு' என்று மட்டும் மாற்றாதீர்கள். அந்த மாற்றத்தில் ஒரு பாட்டியின் அதிகாலை காணாமற்போகின்றது. வேண்டுமானால் பக்கத்தின் அடியில் பொருள் எழுதுங்கள். அதையும் மாணவரையே எழுதச் சொல்லுங்கள். அகராதிப் பணியின் முதற்பாடம் அவர்களுக்கு அதில் கிடைக்கும்.

மாணவர் எழுத்து மாணவரோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கும் சான்றுகள் உள. யாழ்ப்பாணத்தில் 1841இல் தோன்றிய உதயதாரகையின் முதல் ஆசிரியர்கள், வட்டுக்கோட்டைக் குருமடத்தில் பயின்று வெளிவந்த தமிழ் இளைஞர்கள். நமக்கு அண்மையில், சிங்கப்பூரிலிருந்து கோ. சாரங்கபாணி நடத்திய தமிழ் முரசில் 1952இல் மாணவர் மணிமன்றம் என்னும் பகுதி தொடங்கியது. அதில் எழுதிப் பழகியவர்கள் பிற்காலத்தில் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் விளங்கினர். அப்பெயரிலேயே ஊர்தோறும் மன்றங்களும் எழுந்தன.

இறுதியாக, பாதுகாப்பு. ஈழத்தமிழர் 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்டவர்கள். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத் திட்டம், பெருநூல்களோடு பள்ளி மலர்களையும் சேர்த்தே மின்வடிவில் காத்துவருகின்றது. நம்மிடம் எவரும் தீ வைக்கவில்லை. கரையானும், வண்டியேறும் பழைய தாள் மூட்டையுமே போதுமானவையாக இருக்கின்றன.

ஆகவே ஒவ்வொரு பள்ளியின் தமிழ்மொழிக் கழகமும் இந்த ஆண்டே ஒரு வேலையைத் தொடங்கலாம். மலரின் அட்டை, ஆசிரியர் குழுப் பக்கம், தமிழ்ப் பக்கங்கள் அனைத்தையும் நல்ல வெளிச்சத்தில் கைப்பேசியால் படம் எடுங்கள். கோப்பின் பெயரில் பள்ளியையும் ஆண்டையும் இடுங்கள். எழுதியவர் உயிருடன் இருப்பார் என்பதால், பொதுவில் வெளியிடுமுன் அவரது இசைவைக் கேளுங்கள். பள்ளி நூலகத்தில் இல்லையென்று சோர்ந்துவிட வேண்டாம். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் படித்து முடித்தவர்களின் வீட்டு அலமாரிகளிலிருந்து தொடங்குங்கள். கையெழுத்துப் பக்கங்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன.