கொல்லையில் ஒரு வள்ளிக்கொடி



உருளைக்கிழங்கு தண்டு, சர்க்கரைவள்ளி வேர் என்று கற்பிக்கிறோம். பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள். எப்படி என்று கேட்டால் விழிக்கிறார்கள். வீட்டுக் கொல்லையில் ஒரு கொடி இருந்தால் விடையைக் கையால் தொட்டே அறியலாம்.

விதை வேண்டாம். முற்றிய கொடியின் நுனியில், நான்கைந்து கணுக்களோடு ஒரு சாண் நீளம் வெட்டிக் கொடுங்கள். பாருக்குப் பார் 60 செ.மீ., கொடிக்குக் கொடி 20 செ.மீ. இடைவெளி விட்டு, இரண்டு கணுக்கள் மண்ணில் புதையும்படி நடட்டும். இடமில்லாத வீட்டில், மண் நிரப்பிய பழைய சாக்கு போதும். தழைச்சத்து மிகுந்தால் இலைதான் பெருகும். படரும் கொடியை அவ்வப்போது புரட்டிவிடாவிட்டால் கணுதோறும் வேர்விட்டுச் சத்து சிதறும். மண் வெடித்துக் கிழங்கு தெரிந்தால் கூன்வண்டு தாக்கும். மண் அணைக்க வேண்டும்.

ஜூனில் நட்டால், ஏறக்குறைய 120 நாளில், அக்டோபரில் தோண்டலாம். உருளைக்கிழங்கையும் பக்கத்தில் வையுங்கள். அதில் ஒழுங்காக அமைந்த கண்கள் உண்டு. சர்க்கரைவள்ளியில் அவை இல்லை, சல்லிவேர்கள் உண்டு. அதைப் பிள்ளைகளே கண்டு சொல்லட்டும்.

ஒரு வேண்டுகோள்: கிழங்கின் எடைக்கு மதிப்பெண் போடாதீர்கள். மண்ணும் தண்ணீரும் எல்லா வீட்டிலும் ஒன்றல்ல. வாரந்தோறும் பார்த்துக் குறித்ததற்குப் போடுங்கள். கிழங்கே வைக்காத கொடிக்குக் காரணம் தேடி எழுதிய பிள்ளையும் பாடத்தைக் கற்றுவிட்ட பிள்ளைதான்.