தேயிலைச் சாறு மாத்திரையும் உடல் எனும் அமானிதமும்



உடல் நம் உடைமையன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்டுள்ள அமானிதம். அதைப் பேணுதல் நம் கடமை. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் மிகை எடை உடையவர்கள். ஆகவே, எடையைக் குறைக்க விரும்புவது நியாயமே. ஆனால், அதற்கெனப் பச்சைத் தேயிலைச் சாறு மாத்திரைகளை நாடுவது சரிதானா என்பதை நாம் சிந்தித்தல் வேண்டும்.

பச்சைத் தேயிலை வேறு செடியன்று. நீலகிரியில் விளையும் அதே தேயிலைதான். பறித்த துளிரை உடனே ஆவியிலோ சூட்டிலோ பதப்படுத்துவதால் அது கருப்பதில்லை. கேட்டகின் எனும் சத்துகளும் அதில் மிகுதியாக எஞ்சுகின்றன. இவையும் காஃபினும் சேர்ந்து உடல் செலவிடும் ஆற்றலைச் சிறிதளவு கூட்டுகின்றன. கொழுப்பைக் கரைக்கும் என்ற விளம்பரம் இதிலிருந்தே எழுந்தது.

ஆய்வுகள் கூறுவது யாது? காக்ரேன் எனும் மருத்துவ ஆய்வு அமைப்பு 2012இல் பல சோதனைகளைத் தொகுத்து நோக்கியது. ஜப்பானுக்கு வெளியே நடந்த ஆறு சோதனைகளில், தேயிலைச் சாறு உட்கொண்டோர் மற்றவரைவிடக் கூடுதலாக இழந்த எடை சராசரியாக 40 கிராம் மட்டுமே! ஜப்பானில் நடந்தவற்றில் 200 கிராம் முதல் மூன்றரை கிலோ வரை வேறுபாடு காணப்பட்டது. எனினும், உடல்நலனுக்குக் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்பதே அவ்வமைப்பின் முடிவு.

பயன் சிறிது, தீங்கோ சிலருக்குப் பெரிது. எக்ஸொலீஸ் எனும் தேயிலைச் சாறு மாத்திரையை உண்டவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதால், 2003இல் பிரான்சிலும் ஸ்பெயினிலும் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. ஈ.ஜி.சி.ஜி. எனும் கேட்டகினை நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ மாத்திரையாக உட்கொள்வது கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் அறிவித்தது. 2022இல் சட்டமே இயற்றப்பட்டது: அளவு 800 மில்லிகிராமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும், வெறும் வயிற்றில் உண்ணலாகாது, கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், பதினெட்டு வயது நிரம்பாதோர் தவிர்த்தல் வேண்டும்.

சகோதரர்களே! வெறும் வயிற்றில் இச்சாறு இரத்தத்தில் மிகுதியாகக் கலக்கிறது. ரமளானில் எடை குறையட்டும் என்றெண்ணி, நோன்பு திறந்தவுடன் முதலில் இம்மாத்திரையை விழுங்குவோர் இதை நன்கு உணர்தல் வேண்டும். கண் மஞ்சளாதல், சிறுநீர் கறுத்தல், ஓயாத களைப்பு ஆகியவை தோன்றினால் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். உண்ட மாத்திரையின் புட்டியையும் காட்டுங்கள். வேறு நோய்களுக்கு மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடவே வேண்டாம்.

சர்க்கரையின்றிப் பச்சைத் தேநீராகவே அருந்துவதை யாரும் தடுக்கவில்லை. பெரும்பாலோருக்கு அதனால் தீங்கில்லை. ஆனால், வலீமா விருந்தில் இரு தட்டு பிரியாணி உண்டபின் அருந்தும் ஒரு கோப்பைத் தேநீர் எடையைக் குறைக்காது. உணவில் அளவு காப்பதும், நாள்தோறும் நடப்பதும், பள்ளிவாசலுக்கு வண்டியை விடுத்துக் கால்நடையாக வருவதுமே நிலைத்த பயன் தரும். மாத்திரைக்குச் செலவிடும் பணத்தில் காய்கறியும் பயறும் வாங்கினால் குடும்பமே நலம் பெறும்.

வல்ல இறைவன் நம் அனைவருக்கும் உடல்நலமும் நல்லறிவும் அருள்வானாக! ஆமீன்.