கோலின் குரலும் விற்றுப்போன பாட்டும்

அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் நாட் கிங் கோலின் காதல் பாட்டென்றால் நாம் குரலிலேயே சொக்கிவிடுகிறோம். அவர் பாடிய 'மோனாலிசா'வை எழுதிய ஜே லிவிங்ஸ்டனுக்கும் ரே எவன்ஸுக்கும் ஆஸ்கர் கிடைத்தது. நியாயம்தான். ஆனால் கோலே எழுதிய பாட்டு? பாதிரியாரான தந்தை பிரசங்கத்தில் சொன்ன கழுகு-குரங்கு நாட்டார் கதையை அவர் பாட்டாக்கினார். உரிமையை 50 டாலருக்கு விற்றார். 1944இல் அது நாடெங்கும் ஒலித்தது. வாங்கிய பதிப்பாளர் இர்விங் மில்ஸின் பெயரும் இன்றுவரை அதில் ஆசிரியராக நிற்கிறது.

வெள்ளையர் வீடுகளுக்குள் குரல் போனது. ஆள் போக முடிந்ததா? 1948இல் லாஸ் ஏஞ்சல்ஸில் வீடு வாங்கியபோது அக்கம்பக்கத்தார் கூடி எதிர்த்தார்கள். 1956இல் பர்மிங்ஹாமில் மேடையேறித் தாக்கினார்கள். வெள்ளையருக்கு மட்டுமான அரங்கில் ஏன் பாடினார் என்று கறுப்பின மக்களும் கேட்டார்கள். அந்தக் கேள்வியையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.