தூரிகையை வைத்துவிட்டுக் கத்தியை எடுப்போம்

(ஓவிய ஆசிரியர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்குமான பணியிடைப் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரை)



எண்ணெய் வண்ணத்தைக் கத்தியால் தீட்டுவது பற்றிப் பேச வந்திருக்கிறேன். ‘பள்ளிக்கூடத்தில் கத்தியா?’ என்று சிலர் புருவம் உயர்த்துவது தெரிகிறது. இது வெட்டும் கத்தி இல்லை. கொத்தனாரின் கரண்டியை விரல் நீளத்துக்குச் சுருக்கியது போல இருக்கும், வளைந்துகொடுக்கும் மெல்லிய எஃகுத் தகடு. கழுத்து வளைந்திருப்பதால் விரல் ஈர வண்ணத்தில் படாது. நேராக இருக்கும் இன்னொரு வகை, தட்டில் வண்ணம் கலப்பதற்கும் சுரண்டுவதற்கும். தொடங்குவதற்கு இலை வடிவக் கத்தி ஒன்று போதும்.

இதை நாம் ஏன் பழக வேண்டும்? ஆறாம் வகுப்புக்கு வருவதற்குள் “எனக்கு வரைய வராது சார்” என்று சொல்லும் பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு கோடு போடுவார்கள், இரண்டு முறை அழிப்பார்கள், கடைசியில் தாளில் ஓட்டை விழும். கோடு சரியாக வந்தால்தான் ஓவியம் என்று நம்பிவிட்டார்கள். கத்தியோ நுணுக்கமான கோட்டுக்கு எளிதில் இணங்காது. வெளிச்சம் எங்கே, நிழல் எங்கே என்று பார்த்து, வண்ணத்தை வைத்துத்தான் ஆக வேண்டும். அந்தப் பார்வையைத்தான் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர விரும்புகிறோம்.

பெரிய ஓவியர்களும் இந்த வழியில் போயிருக்கிறார்கள். 1866-இல் பிரான்சின் பால் செசான், 27 வயது இளைஞர், தம் தாய்மாமனை உட்காரவைத்து அடுத்தடுத்துப் பல உருவப்படங்கள் தீட்டினார். வழக்கறிஞர் உடையில் ஒன்று, துறவி உடையில் ஒன்று, தலைப்பாகையுடன் ஒன்று. வண்ணத்தைக் கத்தியால் அப்பியிருக்கிறார். முகத்தை நெருங்கிப் பார்த்தால் வண்ணத் திட்டுகள்தான் தெரியும். விலகி நின்றால் ஒரு மனிதர் நம்மைப் பார்க்கிறார்.

இனி, செய்முறை. ஏறக்குறைய 25 செ.மீ.க்கு 30 செ.மீ. ஹார்டுபோர்டில் பிரைமர் இரண்டு பூச்சு அடித்துக் காயவையுங்கள். துணிக் கேன்வாஸ் தொய்ந்து அசையும்போது தடித்த வண்ணம் வெடிக்கக்கூடும்; பலகை அசையாது. வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம் என நான்கு டியூப் போதும். டர்பன்டைன் கலக்காமல் வெண்ணெய்ப் பதத்திலேயே எடுங்கள்.

பள்ளியின் வேப்பமரத்தையே வரையலாம். இலையை எண்ண வேண்டாம். வெயில் படும் பக்கம், நிழல் பக்கம், கிளைகளுக்கு நடுவே தெரியும் வானம் என்று மூன்றாகப் பிரியுங்கள். கத்தியைப் படுக்கவைத்து அழுத்தி இழுத்தால் வழவழப்பான பரப்பு கிடைக்கும். அழுத்தாமல் மேலோட்டமாக இழுத்தால் வண்ணம் விட்டுவிட்டுப் பிடித்து மரப்பட்டையின் சொரசொரப்பு வரும். விளிம்பால் ஒற்றினால் சிறு கிளை. ஈரத்தில் நுனியால் கீறினால் அடியில் உள்ள நிறம் எட்டிப்பார்க்கும். இரண்டு நிறங்களை முழுக்கக் கலக்காமல் ஒன்றாக அள்ளி இழுத்தால் இரண்டும் தனித்தனியே மின்னும். ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் கத்தியைத் துடையுங்கள். ஓரிடத்தில் வைத்த வண்ணத்தை மேலும் மேலும் தேய்த்தால் சேறாகிவிடும். சரியில்லை என்றால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கலாம். தாளைப் போல் ஓட்டை விழாது.

எண்ணெய் வண்ணம் தண்ணீர் வண்ணம் போல ஆவியாகிக் காய்வதில்லை. ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது. மேலே ஆடை கட்டிய பிறகும் உள்ளே பல வாரங்கள் ஈரம் இருக்கும். மிகத் தடித்த இடங்களில் மாதக்கணக்கும் ஆகலாம். அதுவரை வார்னிஷ் பூச வேண்டாம். எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குவிக்காதீர்கள். அவை தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து உலர்த்துங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த மூடிய டப்பாவில் போடுங்கள்.

இந்தக் காரணங்களால் எண்ணெய் வண்ணம் நம் பயிற்சிக்கு மட்டும். வகுப்பில் போஸ்டர் வண்ணத்தோடு ஆறிய மைதாப் பசையைக் கலந்தால் அதே பதம் வரும். கத்திக்குப் பதிலாக வெட்டிய தடித்த அட்டை, ஐஸ் குச்சி, காலாவதியான பிளாஸ்டிக் அட்டை எதுவும் ஆகும். பலகைக்குப் பதில் பழைய நோட்டின் அட்டை போதும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் இதைச் செய்யலாம்.

என் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி ஓவியத் தாளைப் பெரும்பாலும் வெறுமையாகவே தருவாள். அவள் அப்பாவும் அம்மாவும் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். அட்டையால் வண்ணம் பூசிய அன்று, பக்கத்துப் பையனின் வண்ணம் திரள்வதைப் பார்த்து அவளே சொன்னாள்: “அப்படி நட்டுக்க வச்சு இழுத்தா வழிச்சிட்டு வந்துரும்டா. கொஞ்சம் சாச்சுப் புடி. எங்கப்பா அப்படித்தான் பூசுவாரு.” நான் பாடக் குறிப்பில் எழுதிவைத்திருந்த சாய்கோணம் அதுதான். அன்று மீதி நேரம் நான்கு மேசைகளுக்கு அவளே ஆசிரியை. வீட்டில் கற்ற கைவேலைக்கு வகுப்பறையில் ஓர் இடம் இருக்கிறது என்பதை அவளும் கண்டாள், மற்றவர்களும் கண்டார்கள்.

மதிப்பிடும்போது ‘மரம் மாதிரி இருக்கிறதா?’ என்று கேட்காதீர்கள். ‘வெயில் எந்தப் பக்கம்?’, ‘இந்த நிறத்தை இங்கே ஏன் வைத்தாய்?’ என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குப் பார்க்கத் தெரிந்திருக்கிறது.

அடுத்த மாதத்தில் ஒரே ஒரு பாடவேளை இதற்கு ஒதுக்குங்கள். அதற்கு முன் நீங்களும் ஒரு வேப்பமரம் தீட்டிப் பாருங்கள்.