கதிரவன் காணாத உயிர்கள்



மும்பைக் கடற்கரையில் மாலைக் கதிரவன் கடலுள் மறைவதை நம்மவர் பலர் கண்டிருப்பர். அக்கடலின் ஆழத்தில் என்றுமே ஒளி இல்லை. ஒளியால் பயிர் உணவு ஆக்குகிறது. பயிரால் பிற உயிர்கள் வாழ்கின்றன. ஆழ்கடல் உயிர்களும் மேலிருந்து உதிரும் மிச்சத்தையே நம்புகின்றன என்று நாம் பள்ளியில் கற்றோம். 1977ஆம் ஆண்டு இப்பாடத்திற்கு ஒரு திருத்தம் வந்தது.

அவ்வாண்டில் பசிபிக் பெருங்கடலில், காலப்பகோஸ் தீவுகளுக்கருகே, ஆல்வின் என்னும் சிறு நீர்மூழ்கியில் ஆராய்ச்சியாளர் ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்திற்கு இறங்கினர். கடலடித் தரை பிளக்கும் இடத்தில் வெந்நீர் ஊற்றுகள் உண்டா என்று காண்பதே அவர்கள் நோக்கம். குழுவில் உயிரியல் அறிஞர் ஒருவரும் இல்லை. ஆயின், ஊற்றுகளைச் சுற்றிச் சிப்பிகளும் நண்டுகளும் செந்நிற முனையுடைய குழாய்ப்புழுக்களும் செறிந்திருக்கக் கண்டு வியந்தனர்.

இவற்றிற்கு உணவு ஏது? பிளவுகளின் வழியே இறங்கும் கடல்நீர், அடியிலுள்ள வெப்பத்தால் காய்ந்து, உலோகங்களையும் ஹைட்ரஜன் சல்பைடையும் ஏந்தி மேலெழுகிறது. சில ஊற்றுகளில் வெப்பம் 350 பாகை செல்சியசைக் கடக்கும். நீரின் பேரழுத்தத்தால் அது கொதிப்பதில்லை. அழுகிய முட்டை நாற்றமுடைய அந்த ஹைட்ரஜன் சல்பைடு நமக்கு நஞ்சு. ஆனால், அதிலிருந்து ஆற்றல் பெற்று உணவு ஆக்கும் நுண்ணுயிர்கள் அங்கே உள்ளன. வளர்ந்த குழாய்ப்புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. தன் உடலுள் அந்நுண்ணுயிர்களைக் குடிவைத்து, அவை ஆக்கும் உணவால் அது 2 மீட்டர் வரை வளர்கிறது. எனினும், கதிரவனோடு உறவு முற்றும் அறுந்துவிடவில்லை. இப்புழுவுக்கு வேண்டும் பிராணவாயு, மேலே ஒளியில் வாழும் பயிரினங்கள் தந்ததே.

நம் நாட்டிற்கும் இதில் தொடர்பு உண்டு. சென்னையிலும் கோவாவிலும் உள்ள நடுவண் அரசின் கடலாராய்ச்சி நிறுவனங்கள், 2024 டிசம்பரில் இந்தியப் பெருங்கடலில் சுமார் 4,500 மீட்டர் ஆழத்தில் இத்தகைய ஊற்றொன்றைப் படம்பிடித்தன. இப்பெருங்கடலின் ஊற்றுகளில், காலில் இரும்புச் சேர்மம் பூண்ட செதில்களையுடைய நத்தை ஒன்று வாழ்கிறது. கடலடிச் சுரங்கத்தால் அதற்குக் கேடு நேரலாம் என்று, 2019இல் அது அருகிவரும் உயிர்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஊற்றுகள் படியவிட்ட குவியல்களில் செம்பும் துத்தநாகமும் பொன்னும் உண்டு. அவற்றை ஆய்வதற்கு இந்தியா 2016இல் பன்னாட்டு ஒப்பந்தம் செய்துள்ளது.

மொழிபெயர்ப்பே தொழிலாகிய நமக்கு இங்கு ஒரு தயக்கம் எழுகிறது. ஒரே குவியலைக் கனிம நூல் ‘வளம்’ என்கிறது. உயிர்நூல் ‘உறைவிடம்’ என்கிறது. இரண்டும் பிழையற்ற சொற்களே. அணைந்துபோன ஊற்றுகளில் மட்டும் கனிமம் தேடலாம் என்பாரும் உளர். எவ்வாறாயினும், முதற்சொல்லை எழுதும்போது இரண்டாவதை அழித்துவிடலாகாது. கண்டறிந்து ஐம்பது ஆண்டுகளும் நிறையாத ஓர் உலகை, முழுதும் அறியுமுன் இழப்பது அறிவுடைமை ஆகாது.