பேச்சில் பிறந்த நகை



நகைச்சுவை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என வகுத்தார் தொல்காப்பியர். எள்ளலும் பேதைமையும் அந்நான்கனுள் அடங்குவன. பேதை எனப் பிறரால் எண்ணப்படும் ஒருவன், தன் பேச்சினாலேயே பெரியோரை எள்ளும் நிலை வருமாயின், அங்கே இவ்விரண்டும் ஒருங்கே அமைந்துவிடுகின்றன. அத்தகைய திரைப்படம் ஒன்றைப் பற்றி இன்று சில கூற விரும்புகிறேன்.

மெக்ஸிக்கோ நாட்டில், ஸ்பானிய மொழியில், 1940ஆம் ஆண்டு வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம் அது. 'ஆஹி எஸ்தா எல் தெதாயே' என்பது பெயர். 'அங்கேதான் இருக்கிறது சங்கதி' என நாம் தமிழில் சொல்லலாம். நெறியாளர் ஹுவான் புஸ்தீயோ ஓரோ. நாயகராக நடித்தவர், காந்தின்ஃபிளாஸ் எனப் புகழ்பெற்ற மரியோ மொரேனோ. 1911இல் பிறந்த இவர், ஏழை மக்கள் கூடும் கூடார நாடகங்களில் நடித்து மேலுக்கு வந்தவர்.

கதை எளியது. செல்வர் வீட்டுப் பணிப்பெண்ணைக் காதலிக்கும் வேலையற்ற ஒருவன், அவ்வீட்டில் வெறிபிடித்த நாயொன்றைச் சுட்டுக் கொல்கிறான். நாயின் பெயர் பொபி. அதே பெயருடைய போக்கிரி ஒருவனும் கொலையுண்டமையால், பழி இவன்மேல் விழுகிறது. பொபியைக் கொன்றாயா என நீதிமன்றம் வினவ, ஆம் என்கிறான். கேட்பவர் மனிதனை நினைக்கிறார். சொல்பவன் நாயை நினைக்கிறான். உண்மைக் கொலையாளி முன்வந்த பின்னரே இவன் உயிர் தப்புகிறது. அதற்குள் இவனது முதலும் முடிவுமற்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு, நீதிபதியும் வழக்கறிஞரும் இவனைப் போலவே பேசத் தொடங்கிவிடுகின்றனர்! இப்பேச்சு முறைக்கு நடிகரின் பெயரிலிருந்தே ஒரு வினைச்சொல் பிறந்து, 1992இல் ஸ்பானிய அரச கழகத்தின் அகராதியிலும் ஏறிற்று.

பேச்சையே முதலாகக் கொண்டு சிரிக்கவைத்த படம் நம் நாட்டிலும் உண்டு. இலங்கை வானொலியில் ஒலித்த 'கோமாளிகளின் கும்மாளம்' என்னும் தொடர், 1976இல் 'கோமாளிகள்' எனத் திரைக்கு வந்தது. எழுதியவர் எஸ். ராம்தாஸ். அவர் மரிக்காராகவும், டி. ராஜகோபால் அப்புக்குட்டியாகவும், எஸ். செல்வசேகரன் உபாலியாகவும், பி. எச். அப்துல் ஹமீத் ஐயராகவும் தோன்றினர். முஸ்லிம் மக்களின் தமிழும், யாழ்ப்பாணத் தமிழும், சிங்களச் சாயலுடைய தமிழும், பிராமணர் தமிழும் ஒன்றையொன்று உரசிச் சிரிப்பை மூட்டின. ஆனால் அந்நால்வருள் மலையகத் தோட்டத் தொழிலாளி ஒருவர் இல்லை.

தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனை வழியாக மேலேறினால் டயகமத் தோட்டங்களை அடையலாம். 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்லைப் 'பெரட்டு' ஆக்கித் தனதாக்கிக் கொண்ட பேச்சு அங்கே வழங்குவது. துரையையும் கங்காணியையும் அவர்கள் அறியாமலே கேலி செய்யும் கூர்மை அதற்குண்டு. நகரத்தில் அதே பேச்சு நகைப்புக்கு இலக்காவதும் உண்டு.

பெயர் மாறாட்டமும் அம்மக்களுக்கு வெறுங்கதை அன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தந்தை இங்கே பிறந்தமைக்கு, அல்லது பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்தமைக்குச் சான்று கேட்டது. பதிவேட்டில் ஓரெழுத்தும் அட்டையில் வேறெழுத்துமாக எழுதப்பட்டு, ஒருவரே இருவராகி, அலுவலக வாயிலில் நின்ற தொழிலாளர் எத்தனையோ பேர். 2003ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கியது; எழுதியவர் கைப்பிழையை எச்சட்டமும் தானே திருத்திவிடாது.

மெக்ஸிக்கோவின் ஏழை, தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. நீதிமன்றமே அவன் பேச்சுக்கு இறங்கி வந்தது. டயகமவின் லயத்திலிருந்தும் அத்தகைய ஒரு நாயகன் திரைக்கு வரவேண்டும். அவன் பேச்சைக் கேட்டு நாம் சிரிக்கலாம். ஆனால் சிரிப்புக்கு இலக்காவது அவனாக இருத்தல் ஆகாது. அவன் பெயரைப் பிழையாக எழுதிவிட்டு, அதற்கும் அவனிடமே சான்று கேட்ட மேசையாக இருக்கட்டும்.